ஸர்வருக்கு வந்த மறதி

ஸர்வர் என்றால் நம்மில் பலருக்கும் என்ன ஞாபகம் வரும்? தோளில் துண்டு, ஒரே கையில் முழங்கை வரை அடுக்கிய ஆறு தட்டுகள், "சாருக்கு என்ன வேணும்?" என்ற கேள்வி. 1964-ல் நாகேஷ் நடித்து வெளிவந்த 'சர்வர் சுந்தர'த்தைப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவுமே ஞாபகம் வராது. ஆனால் இந்த வாரம் நான் சொல்லப் போவது எங்கள் வீட்டு ஸர்வரைப் பற்றி. அவர் கூடத்து அலமாரியின் கீழ்த் தட்டில் குடியிருக்கிறார்.

பயந்துவிடாதீர்கள். அது ஒரு பழைய கம்ப்யூட்டர்தான். திரை கிடையாது, விசைப் பலகை கிடையாது. இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தைகள் பாட்டுக் கேட்டால் பாட்டு, மனைவி கல்யாணப் படம் கேட்டால் படம், நான் வருமான வரிக் காகிதம் கேட்டால் காகிதம் என்று, யார் எந்த அறையிலிருந்து எதைக் கேட்டாலும் கொண்டுவந்து கொடுக்கும். காபி கிளப் ஸர்வர் செய்கிற அதே வேலைதான். 'டிப்ஸ்' மட்டும் கேட்பதில்லை.

அதில் இன்னொரு பொருளும் இருந்தது. என் தாயார் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி வருஷத்தில் பேரன் பேத்திகளுக்கு அவர் சொன்ன கதைகள், சமையல் பக்குவங்கள், தம் ஊர்க் கிணற்றைப் பற்றிய வம்புகள் எல்லாவற்றையும் போனில் பிடித்து வைத்திருந்தேன். மொத்தம் 41 பதிவுகள். அவை இருந்த இடமும் அந்த அலமாரித் தட்டுத்தான்.

சித்திரை பிறந்ததும் எங்கள் ஸர்வர் மயங்கி விழத் தொடங்கினார். எல்லாம் இரவு இரண்டு மணிக்கு மேல்! அந்த நேரத்தில்தான் எல்லாக் கோப்புகளையும் இன்னொரு தட்டுக்குப் பிரதி எடுக்கும்படி ஏற்பாடு செய்திருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் பேச்சு மூச்சு இராது. பொத்தானை அழுத்தினால், "எனக்கு ஒன்றுமே நடக்கவில்லையே" என்ற பாவனையில் எழுந்துகொள்வார்.

எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ஒரு கடையில் போய்ச் சொன்னேன். அங்கிருந்தவர் யந்திரத்தைக் கண்ணால் கூடப் பார்க்காமல், "போர்டு போச்சு சார், புதுசா வாங்கிடுங்க" என்றார். நாடி பிடிக்காமல் நோய் சொல்லும் வைத்தியரை எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டுக்குத் திரும்பி நானே வைத்தியம் பார்க்க உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோயாளி இருந்தால், நான் பட்ட பாடு உங்களுக்குப் பயன்படட்டும்.

முதலில் நோயாளியின் நாட்குறிப்பைப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் எழுதி வைக்கும். லினக்ஸில் ஓடும் யந்திரமானால் 'ஜர்னல்' என்ற குறிப்பேட்டில் முந்தின ஓட்டத்தின் கடைசி வரிகளைப் பார்க்கலாம். நிரலில் கோளாறு என்றால் பெரும்பாலும் சாகும் முன் ஒரு வார்த்தையாவது முனகிவிட்டுத்தான் சாகும். எங்கள் ஸர்வரின் குறிப்போ பேசிக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்தினாற்போல் நின்றிருந்தது. அப்படி இருந்தால் மின்சாரம், சூடு, நினைவகம் போன்ற உடம்புக் கோளாறுகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, சூடு. சென்னை வெயிலில் மனிதர்களே மயங்கி விழுகிறோம். மூடியைக் கழற்றினேன். விசிறியின் இறக்கைகளில் தலையணை தைக்கும் அளவுக்குத் தூசி! செயலிக்கும் அதன் மேல் உள்ள உலோகத் துண்டுக்கும் நடுவே தடவியிருக்கும் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது. தூசியைத் தட்டி, புதுப் பசை தடவி மூடினேன். வேலை மும்முரமாக நடக்கும்போதும் சூடு 62 டிகிரியைத் தாண்டவில்லை. 95, 100 என்று ஏறினால்தான் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அப்படியும் அடங்காவிட்டால் யந்திரத்தையே நிறுத்தும். ஆகவே சூடு குற்றவாளி அல்ல. அன்றிரவும் ஸர்வர் விழுந்தார்.

மூன்றாவது, மின்சாரம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 என்று பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று உள்ளே இருக்கிறது. வயதானால் அதிலுள்ள கெப்பாசிட்டர்கள் தளர்ந்துவிடும். சும்மா இருக்கும்போது நன்றாக இருக்கும். இரண்டு தட்டுகளும் செயலியும் ஒரே சமயத்தில் உழைத்தால் கையை விரித்துவிடும். 12 வோல்ட் கம்பியில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருந்தால் சரி. மல்டிமீட்டரில் 11.9 காட்டியது. ஆனால் கண்ணிமைக்கும் நேரத்துச் சரிவை மல்டிமீட்டர் காட்டாது. ஆகவே அக்காள் மகனிடம் கடன் வாங்கிய வேறு பெட்டியை மாட்டினேன். ஒரு எச்சரிக்கை: அந்தப் பெட்டியை முழுசாக மாற்றுங்கள், திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கும்.

பெட்டி மாறியது. மயக்கம் மாறவில்லை.

நான்காவது, தட்டு. ஒவ்வொரு தட்டும் 'ஸ்மார்ட்' என்று தன் ஜாதகத்தைத் தானே எழுதிக்கொள்கிறது. அதில் 5-ம் எண், பழுதாகி ஒதுக்கப்பட்ட இடங்களைச் சொல்லும். 197-ம் எண், படிக்க முடியாமல் தத்தளிக்கும் இடங்களைச் சொல்லும். கூகிள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் தங்கள் தட்டுகளை ஆராய்ந்து 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சோதனை ஓட்டத்தில் முதல் பிழை கண்ட தட்டு அடுத்த 60 நாளில் செத்துப் போக, பிழை காணாத தட்டைவிட 39 மடங்கு வாய்ப்பு அதிகமாம். அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: செத்துப்போன தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலே செத்தன. ஜாதகத்தில் தோஷம் இருந்தால் நம்பலாம். தோஷமில்லை என்றால் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

எங்கள் தட்டுகளில் 5-ம் 197-ம் பூஜ்யம். ஆனால் 199-ல் 214 என்று இருந்தது. அது தட்டின் குற்றமல்ல. பெரும்பாலும் அதற்குப் போகும் கேபிளின் குற்றம். சில்லறைக் காசில் புதுக் கேபிள் போட்டேன். எண் அதற்குமேல் ஏறவில்லை. "பிடித்துவிட்டேன் திருடனை!" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அன்றிரவு 2-20-க்கு ஸர்வர் விழுந்தார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். திருடனைக் கண்டுபிடித்தது நானல்ல. நான் திருகாணியோடு மல்லுக்கு நின்ற நாட்களில் என் மனைவி பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இதோ பாருங்க," என்று நோட்டை நீட்டினாள். "திங்கட்கிழமை தானா அணைஞ்சு தானா ஏறியிருக்கு. புதன்கிழமை விசிறி ஓடுது, ஆனா பதில் இல்லை. வெள்ளிக்கிழமை யந்திரம் நல்லாத்தான் இருந்தது, பிரதி எடுக்கிற நிரல் மட்டும் செத்துப் போச்சு. ஒரே வியாதின்னா தினம் ஒரு மாதிரியா வரும்?"

சுரீர் என்றது எனக்கு. மின்சாரமோ சூடோ காரணமானால் மயக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். நாளுக்கொரு விதமாக வந்தால் சந்தேகம் நினைவகத்தின் மேல்தான் போக வேண்டும். ராம் என்கிறார்களே, அந்தச் சீப்புப் போன்ற பலகை.

காபி கிளப்புக்கே திரும்புவோம். சமையலறை என்பது தட்டு. ஸர்வரின் மண்டை என்பது ராம். பத்து மேஜைக்காரர்கள் சொன்னதை எழுதாமல் ஞாபகம் வைத்துக்கொள்கிறார். அந்த ஞாபகத்தில் ஓர் ஓட்டை விழுந்தால் ஒரு நாள் ரவா தோசைக்காரருக்கு ஊத்தப்பம் போகும். ஒரு நாள் தட்டோடு திகைத்து நிற்பார். ஒரு நாள் கடையை விட்டே ஓடிவிடுவார். எந்த வார்த்தை அந்த ஓட்டையில் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

இந்த மறதிக்குச் சரித்திரம் உண்டு. 1947-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணித நிபுணர், வார விடுமுறையில் தம் கணக்கை யந்திரத்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், யந்திரம் எங்கோ ஒரு பிழையைக் கண்டு கணக்கையே தூக்கிப் போட்டிருக்கும். 'பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த யந்திரத்துக்கு, எங்கே என்று கண்டு திருத்தத் தெரியாதா?' என்று எரிச்சல்பட்டார். அந்த எரிச்சலில் பிறந்து 1950-ல் வெளியானதுதான் பிழை திருத்தும் ஹாமிங் குறியீடு. "இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி, சரிதானே சார்?" என்று ஸர்வர் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறாரே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பெரிய ஸர்வர்களில் இ.சி.சி. என்று இந்தத் திறமையுள்ள நினைவகம் உண்டு. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் கிடையாது. 2009-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கூகிள் நிறுவனத்து நினைவகப் பலகைகளில் ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்டவை பிழை செய்தன என்று கண்டார்கள். அவர்களுடையது திருத்திக்கொள்ளும் ஜாதி. நம்முடையது வாய் திறவாமல் விழுங்கிவிடும் ஜாதி.

இதற்குப் பரீட்சை வைக்க மெம்டெஸ்ட் என்று ஒரு நிரல் இருக்கிறது. பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே யந்திரத்தைக் கிளப்ப வேண்டும். நினைவகத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி, திரும்பப் படித்து, மாறியிருக்கிறதா என்று பார்க்கும். முதல் ஒரு மணி நேரம் பழுதில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "விடிய விடிய ஓடட்டும்," என்றாள் மனைவி. மூன்றாவது சுற்றில், விடியற்காலை நாலு மணிக்குத் திரையில் சிவப்புக் கோடுகள் விழுந்தன. இந்தப் பரீட்சையில் பாஸ் மார்க்கு நூற்றுக்கு நூறு. ஒரே ஒரு பிழை என்றாலும் தோல்விதான்.

இரண்டு பலகைகளில் எது குற்றவாளி? பிளக்கைப் பிடுங்கி, உலோகச் சட்டத்தைத் தொட்டுக் கையிலுள்ள மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, ஒன்றை மட்டும் மாட்டிச் சோதித்தேன். பழுதில்லை. மற்றதை அதே பள்ளத்தில் மாட்டினேன், பிழை. அடுத்த பள்ளத்தில் மாட்டினேன், அங்கும் பிழை. ஆகவே பள்ளம் நல்லது, பலகைதான் கெட்டது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் நோய் தீரலாம். எதனால் தீர்ந்தது என்பது தெரியாது.

கெட்ட பலகையை எடுத்துவிட்டேன். ஸர்வர் அதன் பிறகு விழவில்லை. கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும்.

அன்று மாலை ஓர் எண்ணம் வந்து வயிற்றைக் கலக்கியது. பங்குனியில்தான் பழைய தட்டிலிருந்து எல்லாவற்றையும் புதுத் தட்டுகளுக்கு மாற்றியிருந்தேன். அப்போதே அந்தப் பலகை கெட்டிருந்தால்? ஒவ்வொரு கோப்பும் அதன் வழியாகத்தானே போயிருக்கும்! அன்றும் யந்திரம் ஒரு முறை நின்றது. கரண்டு போயிருக்கும் என்று அலட்சியமாக மறுபடி தொடங்கினேன். பிறகு பழைய தட்டை அழித்து அக்காள் மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அம்மாவின் பதிவுகளைத் திறந்தேன். இரண்டில் நடுவே 'டிக்' என்று ஒரு சத்தம். மூன்றாவது, வேப்பம்பூ வடகம் போடும் பக்குவம். "உப்பு மட்டும்..." என்று அம்மா ஆரம்பிக்கிறார். அத்தோடு நின்றுவிட்டது.

இரட்டைத் தட்டில் இரண்டாவதைப் பார்த்தேன். அங்கும் "உப்பு மட்டும்..."தான். கண்ணாடியில் முகம் கோணலாயிருந்தால் பிம்பமும் கோணல்தானே? தினமும் இரவு எடுத்த பிரதியிலும் அதே கதி. கெட்டதை நல்லதன் மேல் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார் எங்கள் ஸர்வர்.

திருச்சியில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். அம்மாவின் காரியங்கள் முடிந்து அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்திருந்தேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"பீரோவில் அம்மா புடவைக்கு நடுவிலே வச்சிருக்கேன்டா தம்பி. கேட்க இன்னும் மனசு வரலே," என்றாள்.

கூரியரில் வந்தது. கோப்புகளுக்குக் கைரேகை எடுக்கும் முறை ஒன்று உண்டு; ஒரே ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். 41 பதிவுகளையும் ஒப்பிட்டேன். 38 பொருந்தின. பொருந்தாதவை அந்த மூன்றுதான். அக்காவிடம் இருந்தவை பழுதற்றவை.

ஆகவே, நேயர்களே, நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யந்திரம் விழுந்தால் தேதியும் நேரமும் விதமும் எழுதி வையுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நினைவகத்தை விடிய விடியச் சோதித்து முடிக்கும் வரை, மயங்கி விழும் யந்திரத்தில் எதையும் பிரதி எடுக்காதீர்கள். பிரதி எடுத்த பின் ஒப்பிட்டுப் பார்க்காமல் மூலத்தை அழிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அருமையான பொருளுக்கு ஒரு பிரதி வேறு ஊரில், வேறு வீட்டில், முடிந்தால் ஒரு புடவை மடிப்பில் இருக்கட்டும்.

அன்றிரவு அக்காவைப் போனில் வைத்துக்கொண்டே வடகப் பதிவை முழுவதும் ஓடவிட்டேன்.

"உப்பு மட்டும் குறைச்சலாப் போடு," என்றார் அம்மா. "காயக் காயத் தானே கூடும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அக்கா, "போன வருஷம் நான் கரிக்கக் கரிக்கப் போட்டுட்டேன்டா," என்றாள்.