கரையைப் பூட்டிட்டு கிராவல் பைக் வாங்கி என்ன பிரயோஜனம்?

போன வாரம் நண்பர் ஒருத்தர் வீடியோ ஒண்ணு அனுப்பியிருந்தார். பிரான்சு தேசத்துக் கிராமப்புறம். ஆத்தோரமா சரளைக்கல் பாதை, ரெண்டு பக்கமும் காடு. நாலஞ்சு பேர் சைக்கிள்ல சாவகாசமா போயிட்டிருக்காங்க. கூடவே நண்பரோட பெருமூச்சு: "இப்படி ஓட்டணும்னா அடுத்த ஜென்மத்துல அங்க போய்ப் பொறக்கணும். நம்ம பக்கம் எங்க சார் இருக்கு?"

சொன்னவர் வீடு ஆவடி. நான் அம்பத்தூர். பதில் வாட்ஸப்புல அடங்காதுன்னு தோணிச்சு, அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

மொதல்ல அந்தச் சைக்கிள். கிராவல் பைக்னு பேரு. ரேஸ் சைக்கிள் மாதிரி கீழ்நோக்கி வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா டயர் தடிமன், சுமாரா 35லேருந்து 50 மில்லிமீட்டர் வரைக்கும். காத்தைக் கொஞ்சம் கம்மியா அடிச்சா கல்லு, மண்ணு எதுலயும் போகும். 2022-ல இத்தாலியில இதுக்கு உலகச் சாம்பியன்ஷிப்பே நடத்தினாங்க. நம்ம ஊர்க் கடைக்கும் வந்தாச்சு. நல்லதா வேணும்னா லட்ச ரூபாய்க்கு மேல சொல்றாங்க.

இப்போ உங்க தாத்தாவோட சைக்கிளை நினைச்சுப் பாருங்க. அந்தக் கறுப்பு 28 இஞ்ச் ஹெர்குலிஸ். டயர் அளவு என்ன? இருபத்தெட்டுக்கு ஒன்றரை. ஒன்றரை இஞ்ச்னா 38 மில்லிமீட்டர். ஆச்சா? தார் ரோடு வராத காலத்துல, மண்ரோட்டுல, பின்னாடி ரெண்டு பால் கேன் கட்டிக்கிட்டு ஓட்டறதுக்குன்னே ஆன வண்டி அது. கிராவல் பைக்ங்கிற பேர்தான் புதுசு. டயர் நம்ம பரண்ல கிடக்கு. :-)

அந்த ஹெர்குலிஸைச் செஞ்ச டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல ஆரம்பிச்சது எங்க அம்பத்தூர்லதான். பஸ் ஸ்டாப்புக்கே அந்தப் பேரு. நாட்டுக்கே சைக்கிள் கொடுத்த ஊர்லேருந்துக்கிட்டு "சைக்கிள் ஓட்ட இடமில்லை"ன்னு பெருமூச்சு விடறோம்.

சரி, இடத்துக்கு வருவோம். எங்க வீட்டிலேருந்து பூண்டி சுமார் 40 கிலோமீட்டர். விடியறதுக்கு முன்னாடி கிளம்பினா சி.டி.எச். ரோடு சும்மா கிடக்கும். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர். அங்கேருந்து வடக்கே திரும்பினா கொஞ்ச நேரத்துல பூண்டி நீர்த்தேக்கம். சத்தியமூர்த்தி அடிக்கல் நாட்டி, கொசஸ்தலை ஆத்துக்குக் குறுக்கே கட்டி 1944-ல முடிச்சது. 1996-லேருந்து கிருஷ்ணா தண்ணி வர்ற கண்டலேறு கால்வாயும் இங்கதான் வந்து சேருது. கால்வாய் ஓரத்துல மண்பாதை. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் நெல்லு.

பூண்டிக்கு அந்தாண்டை அல்லிக்குழி மலைக்காடு. குடியம் கிராமம் வரைக்கும் சைக்கிள். அதுக்கப்புறம் காப்புக்காடு, முள்ளுப்புதர், நடைதான். நடந்தா குடியம் குகை. குகைன்னா இருட்டுப் பொந்து இல்லீங்க, அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கிற பாறைக் கூரை. அந்தப் பாறையைக் கிட்டப் போய்ப் பாருங்க. முழுக்க கூழாங்கல், சிமெண்டுல போட்டுக் கலந்த மாதிரி. அந்தக் கல்லை உடைச்சுத்தான் ஆதி மனுஷன் கைக்கோடரி செஞ்சான். பக்கத்துல அத்திரம்பாக்கத்துல ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-ல கண்டுபிடிச்ச இடத்தை, சாந்தி பப்பு குழுவினர் திரும்பத் தோண்டி ஆராஞ்சு, அந்தக் கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் வயசுன்னு 2011-ல வெளியிட்டாங்க.

காடு இருக்கு, ஆத்துப் பள்ளத்தாக்கு இருக்கு, 15 லட்சம் வருஷத்துச் சரளைக்கல்லும் இருக்கு. நண்பரே, இன்னும் என்ன வேணும்?

வெயில் இருக்கு, கருவேல முள் இருக்கு, ஆத்துல பாதி வருஷம் மணல்தான் இருக்கு. ஒத்துக்கறேன். அதுக்காக இல்லவே இல்லைன்னு சொல்லலாமா?

ஆனா நான் சண்டைக்கு வந்தது இதுக்கு இல்லை. இருக்கிறதும் போயிட்டு இருக்குங்கறதுக்கு.

எங்க பக்கம் ஒரு ஏரி. பேர் வேண்டாம். அதோட கரைதான் நான் சைக்கிள் கத்துக்கிட்ட இடம். ஒரு முனையில ஏறினா மதகு, கலங்கல் எல்லாம் தாண்டி அடுத்த ஊர்ல இறங்கலாம். பால்காரர், புல்லுக்கட்டு அம்மா, ஸ்கூல் பசங்க எல்லாருக்கும் அதுதான் ரோடு. மெயின் ரோட்டு லாரிக்குப் பயப்படாம போற ஒரே வழி.

சில வருஷம் முன்னாடி அதை "அழகுபடுத்தினாங்க". பேவர் பிளாக், பெஞ்சு, கலர் லைட்டு, ரெண்டு முனையிலும் கேட்டு. பொய் சொல்லக் கூடாது, திறந்தப்ப நானும் கைதட்டினவன்தான். குடும்பத்தோட போய் போட்டோ எடுத்துக்கிட்டேன்.

அடுத்த வாரம் விடிகாலையில சைக்கிளோட போனேன். போர்டு தொங்குது: சைக்கிளுக்கு அனுமதி இல்லை. செக்யூரிட்டி நல்ல மனுஷன், பாவம்.

"சார், வாக்கிங்குக்கு மட்டும்தான். காலையில ரெண்டு மணி நேரம், சாயந்திரம் ரெண்டு மணி நேரம்."

"அந்த முனைக்குப் போகணும்ணே."

"அந்தக் கேட்டு பூட்டியிருக்கு சார். இப்படியே போயிட்டு இப்படியே திரும்பணும்."

என் பின்னாடி ஒரு பையன், அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். அவனுக்கு ஸ்கூல் அந்த முனையில. ஒரு வார்த்தை பேசாம வண்டியைத் திருப்பிக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போனான். தண்ணி லாரி வர்ற ரோடு. எனக்கு வாக்கிங்கும் சைக்கிளிங்கும் பொழுதுபோக்கு. அவனுக்கு அது வழி. பொழுதுபோக்குக்கு இடம் கொடுத்து வழியை அடைச்சிட்டோம். அதுக்குத்தான் நான் கைதட்டியிருக்கேன்.

இங்கதான் பிரான்சைப் பத்திப் பேசணும். வீடியோவுல தெரியற பாதை எல்லாம் வானத்துலேருந்து குதிக்கலை. அங்க தெற்குல மிதி கால்வாய்னு ஒண்ணு, 1681-ல திறந்தது, துலூஸ்லேருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரைக்கும் 240 கிலோமீட்டர். குதிரை நடந்து படகை இழுத்துக்கிட்டுப் போன கரைதான் இன்னிக்கு சைக்கிள் பாதை. இதே மாதிரி நிறுத்தின ரயில் தடத்தையும் பாதையாக்கினாங்க. 2004-ல இப்படிப்பட்ட பாதைகளை "பச்சை வழி"ன்னு போக்குவரத்துச் சட்டத்துலயே சேர்த்தாங்க. நடக்கறவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் உண்டு, மோட்டார் வண்டிக்குக் கிடையாது. பழைய கரைவழியை அவங்க வழியாவே வச்சுக்கிட்டாங்க. நாம பூங்கா ஆக்கிப் பூட்டிட்டோம். வித்தியாசம் இவ்வளவுதான். இதுல அடுத்த ஜென்மம் எங்கேருந்து வந்துச்சு?

பதில் வரும், தெரியும். "கேட்டு போடலைன்னா பைக்ல வந்து தண்ணி அடிப்பாங்க, குப்பை கொட்டுவாங்க, லாரி ஏறி கரையை உடைப்பாங்க." நியாயம். நானும் பார்த்திருக்கேன், உடைஞ்ச பாட்டில்ல டயரைக் கிழிச்சிருக்கேன். அதுக்கு மருந்து பூட்டு இல்லை. கரை முனையில ரெண்டு கல்லுத்தூணை வளைஞ்சு போற மாதிரி நட்டா லாரி நுழையாது, மோட்டார் பைக்கும் திணறும், சைக்கிள் புகுந்து போகும். காலையிலயும் சாயந்திரமும் நாலு பேர் போயிட்டு வந்துட்டிருந்தா பாட்டில்காரனே இடத்தை மாத்திடுவான். ஆள் நடமாட்டத்தை விட நல்ல செக்யூரிட்டி எது?

"வயசானவங்க மேல சைக்கிள் மோதினா?" இதுவும் நியாயம்தான். அதுக்குத்தான் பேவர் பிளாக் வேணாங்கறேன். வழவழன்னு இருந்தாத்தான் பசங்க பறப்பாங்க. சரளைமண்ணுல தானா வேகம் குறையும். செலவும் கம்மி.

சட்டம் இல்லாமலும் இல்லை. சென்னை மாநகராட்சி 2014-லயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கைன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு. போக்குவரத்து நிதியில குறைஞ்சது 60 சதவீதம் நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு அதுல இருக்கு. அம்பத்தூர் 2011-லேருந்து மாநகராட்சிக்குள்ளதான். ஷிஃப்ட் விடற நேரத்துல எஸ்டேட் பக்கம் நின்னு பாருங்க. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல நெளிஞ்சு போற தொழிலாளியைக் கேளுங்க, 60 சதவீதம் எங்கேன்னு.

அதனால, ஞாயித்துக்கிழமை சைக்கிள் மிதிக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. லட்ச ரூபாய் வண்டி வாங்குங்க, தப்பே இல்லை, எனக்கும் ஆசைதான் (வீட்ல பெர்மிஷன் கிடைக்கலை). ஆனா வாங்கின கையோட உங்க பக்கத்து ஏரிக்கரைக்கு ஒரு மனு எழுதிப் போடுங்க. கேட்டைத் திறங்க, தூணை நடுங்க, ரெண்டு முனையிலும் வழி விடுங்கன்னு. அந்தக் கரை போச்சுன்னா உங்க வண்டி கார் டிக்கியில ஏறி எங்கேயோ போய் இறங்க வேண்டியதுதான். அந்தப் பையனுக்குக் கார் கிடையாது.

நான் எங்க ஏரிக்கு எழுதியாச்சு. பதில் வரலை. அடுத்த மாசம் திரும்ப எழுதுவேன்.

நீங்க என்ன பண்ணணும்னா, உங்க ஊர்ல எந்தக் கரை இன்னும் திறந்திருக்கு, எது பூட்டியாச்சுன்னு பின்னூட்டத்துல போடுங்க. சும்மா "அருமையான பதிவு"ன்னு எழுதிட்டு ஓடினீங்க, பிரான்சுல போய்ப் பொறக்கச் சபிச்சுடுவேன். :-)