பக்கவாதம்: ஸ்ரீவில்லிபுத்தூர் டூ மதுரை 75 கி.மீ... நாலரை மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது?

காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது. பேச்சு குழறுகிறது. "ராத்திரி சரியா தூங்கல, கொஞ்ச நேரம் படுத்தா சரியாப் போயிடும்" என்கிறார்கள் வீட்டில். அந்தக் கொஞ்ச நேரம்தான் பிரச்னையே.

மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

எப்போதிலிருந்து? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அறிகுறியைப் பார்த்த நேரம் அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம்தான் கணக்கு. இரவு 10 மணிக்கு நன்றாகத் தூங்கப்போனவர் காலை 6 மணிக்கு வாய் கோணி எழுந்தால், கடிகாரம் 10 மணிக்கே ஓடத் தொடங்கிவிட்டது. அதற்காக "லேட் ஆயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. ஸ்கேன் பார்த்து, தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அடைப்பைக் குழாய் வழியாக எடுக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கி.மீ. ராஜபாளையம் என்றால் இன்னும் தள்ளி. பயணத்துக்கு ஒன்றரை மணி நேரம், ஸ்கேன், பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் வைத்தால், ஆம்புலன்ஸ் வருவதற்கும் சேர்த்து மிஞ்சுவது 2 மணி நேரம்தான். 2022-ல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி அதைவிடப் பக்கம். எங்கே 24 மணி நேரமும் சிடி ஸ்கேனும் இந்த ஊசியும் உண்டு என்று இப்போதே விசாரித்து வைப்பது நல்லது.

அடைப்பா, கசிவா?

பத்தில் எட்டுக்கும் மேல் அடைப்புதான். மற்றவை ரத்தக்குழாய் வெடித்து ஏற்படும் கசிவு. இரண்டிலும் முகம் கோணும், ஒரு பக்கக் கை கால் தளரும், பேச்சு குழறும். திடீரெனப் பார்வை மங்கலாம், நடை தள்ளாடலாம். இதுவரை வராத அளவுக்குத் தலைவலி வந்தால் கசிவாக இருக்கலாம். ஆனால் சிடி ஸ்கேன் பார்க்காமல் எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கசிவு உள்ளவருக்குக் கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். தண்ணீர்கூட வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். புறா ரத்தம் தேய்க்கும் பழக்கத்தால் போவது நேரம் மட்டுமே.

சில நிமிடங்களில் தானாகச் சரியானால்? அதுவும் எமர்ஜென்சிதான். அடுத்த சில நாட்களில் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம்.

முதல்வராக இருந்த எம்.ஜி.ஆருக்கு 1984 அக்டோபரில் பக்கவாதம் வந்தது. நியூயார்க்கில் சிகிச்சை பெற்று 1985-ல் திரும்பியவருக்குப் பழைய பேச்சு வரவேயில்லை. கரைக்கும் ஊசியைப் பக்கவாதத்துக்குப் பயன்படுத்த அமெரிக்காவிலேயே 1996-ல்தான் அனுமதி கிடைத்தது.

யாருக்கு வரும்?

முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம். சர்க்கரை, புகை, மது, கொழுப்பு, சீரற்ற இதயத்துடிப்பு எல்லாம் அடுத்து. பால்கோவாவை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, ஊறுகாயும் கருவாடும் ஏற்றும் உப்பையும் பார்க்க வேண்டும். "பிபி நார்மல் ஆயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்துபவர்கள்தான் நிறைய. நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, பிசியோதெரபியும் உண்டு.

108-ஐ அழைக்கும்போது "பக்கவாதம் மாதிரி இருக்கு" என்று சொல்லுங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டோடு கிளம்புங்கள்.