ஊசல் உரைக்கும் உண்மை

பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலப் புகும் மாணவர், பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் எளிய ஊசலை ஆட்டி, அலைவுகளுக்கு நேரங் கணித்துப் புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காண்பர். பாடநூல் கூறும் பெறுமானம் செக்கனுக்குச் செக்கன் 9.81 மீற்றர். அது ஐரோப்பிய அகலக்கோடுகளுக்குரியது. பூமி சுழல்வதாலும் நடுக்கோட்டருகே புடைத்திருப்பதாலும் இலங்கையில் அது ஏறத்தாழ 9.78 ஆகும். வேறுபாடு சிறிதே, ஆயினும் கவனமாக அளப்போர்க்குப் புலப்படும்.

ஆனால் நடப்பதென்ன? புள்ளி குறையுமென அஞ்சி, 9.81 வரும்வரை வாசிப்புகளைத் திருத்துவோர் உளர். தம் மண் உரைக்கும் உண்மையைத் தம் கையாலேயே அழிப்பது விஞ்ஞானமாகுமா? பாடநூலோடு ஒத்த விடைக்கன்று, அளந்த முறைக்கும் மறையாது காட்டிய வழுவுக்குமே புள்ளி வழங்குக என விரிவுரையாளரை வேண்டுகிறோம். மாணவரே, கண்டதை எழுதுங்கள்!