மணலியை மறைத்துவிட்டு எண்ணூருக்காக அழாதீர்கள்

சென்னையில் மின்சாரப் பேருந்து ஓடினால் புகை ஒழியாது, வியாசர்பாடியில் கக்க வேண்டிய புகையை எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையம் கக்கும், ஆகவே டீசல் வண்டிகளே போதும் என்று வாதிட்டிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். எண்ணூர் மக்கள்மீது அவருக்கு வந்திருக்கும் இந்தத் திடீர்க் கரிசனம்தான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

அவர் கேட்கும் டீசலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலி, எண்ணூரை ஒட்டிய ஊர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை பரவியது. மீனவர்கள் படகில் நின்றுகொண்டு பக்கெட்டாலும் மக்காலும் அந்தக் கறுப்புப் பிசுக்கை அள்ளினார்கள். வலையெல்லாம் பாழ். இதைப் பற்றி அவர் கட்டுரையில் ஒரு வரி கிடையாது. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தைத் தூர்த்தது உண்மை, அது கொடுமை. ஆனால் ஒரு கொடுமையைக் காட்டி, அதே மக்கள் தலையில் விழும் இன்னொரு கொடுமையை நீட்டிக்கச் சொல்வது நேர்மையான வாதமல்ல.

அவர் கணக்கில் ஒரு பாதி சரி. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்தையும், கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் குடிக்கும் மின்பேருந்தையும் வைத்துப் பார்த்தால், இன்றைய சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் இங்கேயே நின்றுவிடுகிறார். டீசல் வண்டி கழித்துக்கட்டப்படும் நாள்வரை டீசல்தான் எரிக்கும். மின்பேருந்தோ, மின்சாரம் சுத்தமாக ஆக ஆகத் தானும் சுத்தமாகும். சிக்னலில் பேருந்துக்குப் பின்னால் பைக்கில் பிள்ளையை முன்னே உட்காரவைத்து நிற்கிறவரின் முகத்தில் கரும்புகை அடிப்பது இன்றே நின்றுவிடும். இதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அடுத்தது, பயணிகளுக்கான செயலியும் சார்ஜ் ஏற்றும் நேரத்தை முறைபோடும் மென்பொருளும் வெறும் ஒப்பனை என்ற அவரது ஏளனம். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்பது பகல், இரவு எல்லாம் சேர்ந்த சராசரி. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகுகிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வெளுத்து வாங்குகிறது. தமிழகத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். அத்தனையையும் வாங்க ஆளில்லாத நேரங்களில் ஓடும் காற்றாலையையே நிறுத்தச் சொல்கிறார்கள். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய 120 மின்பேருந்துகளையும் மாலை உச்ச நேரத்தில் ஒன்றாகச் செருகினால் அவர் சொல்லும் நிலக்கரிதான் எரியும். காலை நெரிசல் முடிந்து நண்பகலிலும், நள்ளிரவுக்குப் பின்னும் முறைபோட்டு ஏற்றினால் வீணாகும் காற்றும் வெயிலும் பேருந்தை ஓட்டும். எந்த வண்டியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம், அடுத்த டிரிப் எத்தனை மணிக்கு, இந்த நிமிடம் மின்தொகுப்பில் என்ன நிலவரம் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து முறைபோடுவது மென்பொருளின் வேலை. நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு டிப்போ ஊழியர் செய்து முடிக்கக் கூடியதல்ல. செயலியும் ஒப்பனையல்ல. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். சொந்த வண்டியை வீட்டில் விட்டுவர ஒருவருக்கு இதைவிட என்ன உதவி வேண்டும்?

நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. சீனாவின் ஷென்சென் நகரம் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை 2017-க்குள் மின்சாரத்துக்கு மாற்றியது. டெல்லி மெட்ரோ 2019 முதல் மத்தியப் பிரதேசத்து ரேவா சூரிய மின்பூங்காவிலிருந்து மின்சாரம் வாங்குகிறது.

எண்ணூருக்காகப் பேசுகிறவர் கேட்க வேண்டியவை வேறு. எந்தப் பணிமனை எந்த மணிக்கு எவ்வளவு மின்சாரம் ஏற்றியது என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிடச் சொல்லியிருக்கலாம். பணிமனைக் கூரைகளில் சூரியத் தகடு கேட்டிருக்கலாம். காற்று வீசும் மாதங்களில் ஒரு காற்றாலையையும் நிறுத்தாதே, பழைய அனல்மின் அலகுகளை மூடு என்று மின்வாரியத்தின் சட்டையைப் பிடித்திருக்கலாம். இதில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது டீசல் மட்டும்தான்.