மலைப் பாதையும் இரு சக்கரமும்

பொதுமலை ஒன்றின் சரிவிலே ஓர் ஒற்றையடிப் பாதை செல்கிறது. நடந்து செல்பவனுக்கு அப்பாதையில் உரிமை உண்டு. குதிரையேறிச் செல்பவனுக்கும் உண்டு. துவிச்சக்கரவண்டியிற் செல்பவனுக்கு உண்டா? சிறியதாகத் தோன்றும் இவ்வினா அமெரிக்க ஐக்கிய நாட்டில் நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தீராத வழக்காக நிலவுகிறது. விளையாட்டுச் செய்தியென இதனைத் தள்ளிவிடுவோர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. பொதுச் சொத்தை எவ்வாறு அனுபவிப்பது, அவ்வனுபவத்துக்கு எல்லை எது, அவ்வெல்லையை வகுப்பவர் யார் என்னும் வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. வழக்கின் நடுவே நிற்பது சட்டத்தின் ஒரு சொற்றொடர். ஆதலால், சொல்லுக்குப் பொருள் காண்பதைத் தொழிலாகவோ இன்பமாகவோ கொண்டோரும் இதனைக் கவனித்தல் தகும்.

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் மாவட்டத்தில் தமல்பாயிஸ் என்னும் மலை உண்டு. அதன் உயரம் 2,500 அடிக்குச் சற்று அதிகம். அம்மலையின் ஒரு பகுதி மாநிலப் பூங்கா. மற்றொரு பகுதி குடிநீர் வழங்கும் சபையொன்றின் நீரேந்து நிலம். இவ்வட்டாரத்து இளைஞர் சிலர் 1970ஆம் ஆண்டுகளில், இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட தடித்த சக்கரங்களையுடைய பழைய வண்டிகளைத் தேடியெடுத்து, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டப்பட்ட மண் வீதிகளிலே மலையிறங்கத் தொடங்கினர். 1976 ஒக்டோபர் 21ஆந் திகதி பெயர்பெற்ற பந்தயம் ஒன்று அங்கே ஆரம்பமாயிற்று. ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். அடிவாரத்தை அடைவதற்குள் பின்சக்கரத் தடையின் சூடு அதனுள்ளிருந்த கிறீசைப் புகையாக்கிவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன் அதனை மீண்டும் நிரப்பியாதல் வேண்டும். ‘மீள்நிரப்பு’ எனப் பொருள்படும் ‘றீபாக்’ என்னும் பெயர் அவ்வீதிக்கு அமைந்தது இக்காரணம் பற்றியே.

1977இல் ஜோ பிறீஸ் என்பவர் இவ்வகை ஓட்டத்துக்கெனவே புதிய சட்டகம் ஒன்றைச் செய்தார். 1979இல் காரி பிஷரும் சார்ள்ஸ் கெலியும் ‘மலைத் துவிச்சக்கரவண்டி’ என்ற பெயரையே தம் வியாபாரத்துக்குச் சூட்டினர். 1981 அளவில் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட வண்டிகள் கடைகளுக்கு வந்தன. 1996இல் அட்லாண்டாவிலே இவ்விளையாட்டு ஒலிம்பிக் அரங்கேறியது. பழைய இரும்புச் சாமானிலே பிறந்த ஒன்று இருபது ஆண்டுகளில் உலக அரங்கை அடைந்தது. ஆயினும் அது பிறந்த மலையில், ஒற்றையடிப் பாதைகளுட் பெரும்பாலானவை அதற்கு அடைக்கப்பட்டே இருந்தன. அகன்ற மண் வீதிகளில் மாத்திரம் ஓடலாம். மணிக்கு 15 மைல் வேகத்தைக் கடத்தல் ஆகாது என்பது விதியாயிற்று.

இவ்விடத்திலே ஒற்றையடிப் பாதையின் இயல்பை விளங்கிக்கொள்ளுதல் அவசியம். கடினமான மலைப்பாதை என்பது வேகத்துக்கு உகந்த இடமன்று. வேரும் பாறையும் படிபோல இறங்கும் கற்களும் கொண்டையூசி வளைவுகளும் நிறைந்தது அது. இறங்குபவன் ஆசனத்தில் அமர்வதில்லை. மிதிகளின்மேல் எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, உடற்பாரத்தை வண்டியின் நடுவே நிறுத்துகிறான். கண் முன்சக்கரத்தை நோக்கினால் வண்டி விழும். பல முழம் முன்னே, தான் செல்லவிருக்கும் வழியை நோக்கவேண்டும். முன்தடையை இறுக்கிப் பிடித்தால் தலைகுப்புற வீழ்வான். பின்தடையை இறுக்கினால் சக்கரம் சறுக்கிப் பாதையை உழுதுவிடும். ஏறும்போதோ பின்சக்கரம் பிடிமானத்தை இழவாதிருக்க உடலை முன்னே சாய்த்து, ஒரே சீராக மிதித்தல் வேண்டும். பாதையின் கடுமையைப் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்புச் சாய்சதுரம் எனும் குறிகளால் உணர்த்துவர். பனிச்சறுக்கு மலைகளிலிருந்து இரவல் வாங்கிய குறிகள் இவை.

இதிலிருந்து நான் காணும் உண்மை ஒன்றுண்டு. குறுகலும் கரடும் வேகத்தைத் தாமே கட்டுப்படுத்துகின்றன. அகன்று நேராகச் செல்லும் வீதியே வேகத்துக்கு அழைக்கிறது. வண்டிகளை அகன்ற வீதிக்கு ஒதுக்கியதனால் நடப்போருக்கு விலகி நிற்க இடம் கிடைத்தது உண்மை. ஆனால் அதே ஏற்பாட்டினால் வேகம் மிகுந்து, அதனை அளக்கும் கருவியோடு காவலர் நிற்கவேண்டிய நிலையும் வந்தது. எனினும் எதிர்த்தரப்பாரின் அச்சம் பொய்யன்று. வளைவின் மறுபுறத்தே ஒரு முதியவரோ மிரளும் குதிரையோ வருவதை ஓட்டுபவன் அறியான். மெதுவாக வரும் சக்கரமும் எதிர்பாராத இடத்தில் மோதினால் காயமே தரும். 2024இல் நீரேந்து நிலத்தின் சபை சில ஒற்றையடிப் பாதைகளைப் பரீட்சார்த்தமாக வண்டிகளுக்குத் திறக்கத் தீர்மானித்தபோது, சூழற் பாதுகாப்பு அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. பிறந்த வீட்டிலேயே வழக்கு இன்னும் முடியவில்லை என்பதற்கு இது சான்று.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1964இல் அமெரிக்கக் காங்கிரஸ் காட்டுநிலச் சட்டத்தை நிறைவேற்றியது. அதனை வரைந்தவர்களுள் முதன்மையானவரான ஹவார்ட் சானீசர் அது கையொப்பமாவதற்குச் சில மாதங்களுக்கு முன் காலமானார். மோட்டார் வண்டி, மோட்டார்ப் படகு, விமான இறக்கம் என்பவற்றைத் தடைசெய்த சட்டம், இறுதியில் ‘வேறெவ்வகையான இயந்திரப் போக்குவரத்தும்’ ஆகாது என்றது. துவிச்சக்கரவண்டி இயந்திரமா? 1966இல் வனப் பரிபாலனத் திணைக்களம், உயிரற்ற சக்தியால் இயங்குவதே இயந்திரப் போக்குவரத்து என விதி வகுத்தது. அவ்வாறாயின் மனிதக் காலால் இயங்கும் வண்டிக்குத் தடையில்லை. 1984இலோ அதே திணைக்களம் காட்டுநிலங்களிலே துவிச்சக்கரவண்டி கூடாது என்பதை ஐயத்துக்கிடமின்றி எழுதிவிட்டது. சட்டத்தின் சொல் மாறவில்லை. பொருள் கொண்டவரே மாறினர். இன்று இவ்வாறு காக்கப்படும் நிலம் ஏறக்குறைய 11 கோடி ஏக்கர். 2016இல் இத்தடையைத் தளர்த்தக் கருதிய மசோதா ஒன்று செனற் சபைக்கு வந்தும் நிறைவேறவில்லை. வியப்பு யாதெனில், 1988இல் அமைந்த சர்வதேச மலைத் துவிச்சக்கரவண்டிச் சங்கமே இத்தகைய முயற்சிக்கு ஆதரவளிக்க மறுத்தது என்பதாகும். காட்டுநிலச் சட்டத்தோடு பொருதுவதிலும், அதற்கு வெளியே பாதை பெறுவதே நன்று என அது எண்ணியது.

சக்கரம் மலையை அழிக்கிறதா என்பது ஆய்வுக்குரிய வேறொரு வினா. 1994இல் மொன்ரானா மாநிலப் பாதைகள் பற்றி வெளியான ஆய்வொன்று, குதிரைக் குளம்பும் மனிதக் காலும் பெயர்க்கும் மண் சக்கரம் பெயர்ப்பதிலும் அதிகம் எனக் கண்டது. 2001இல் கனடாவின் ஒன்றாரியோவில் வெளியான ஆய்வும் நடப்போரால் விளையும் சிதைவுக்கும் ஓட்டுவோரால் விளைவதற்கும் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. ஆனால், சக்கரம் ஒரே நாளில் காலைவிட நெடுந்தூரம் செல்லவல்லது என்பதையும் மறத்தல் ஆகாது. ஒரு மைலுக்கு விளையும் தீங்கு சமமாயினும், மைல்கள் சமமல்ல.

பாதைக்கு முதற் பகை நீரே. இதனை நன்கறிந்தவர் பாதை அமைப்போர். பாதையின் சரிவு மலைச்சரிவின் பாதியை மிஞ்சலாகாது. வெளிப்புறம் சற்றே தாழ்ந்திருத்தல் வேண்டும். இடையிடையே ஏறியிறங்கி நீரை வெளியேற்றுதல் வேண்டும். மழை நனைத்த மண்ணில் ஓடுதல் கூடாது. இவ்விதிகளை மீறி நேர்கீழாக வெட்டிய பாதை, எவர் சென்றாலும் சில மாரிகளில் வாய்க்காலாகிவிடும்.

அண்மைக்காலத்தில் வழக்கை மேலும் சிக்கலாக்கியது மின்வண்டி. மோட்டார்த் துணையுடன் ஏறும் இவ்வண்டிகளை, தன் ஆட்சிக்குட்பட்ட நிலங்களில் சாதாரண வண்டிகளுக்குரிய பாதைகளில் அனுமதிக்க 2019இல் அமெரிக்க உள்நாட்டலுவல் அமைச்சு வழிவகுத்தது. முதியோருக்கும் உடல் நலிந்தோருக்கும் இது மலையைத் திறந்துவிடுகிறது. அதனை இகழ முடியாது. ஆயினும், ‘எம் வண்டி மனித சக்தியால் மாத்திரம் இயங்குவது’ என்பதே ஓட்டுவோரின் வலிய வாதமாயிருந்தது. அவ்வாதத்தின் வேரை மின்கலம் அரிக்கிறது. இதற்கிடையில் 2025 சனவரியில் கையொப்பமான சட்டமொன்று, நெடுந்தூரத் துவிச்சக்கரவண்டிப் பாதைகள் பத்துக்குக் குறையாமல் இனங்காணப்படல் வேண்டும் என விதித்தது. ஒரு வாயில் அடைபட்டிருக்க, வேறு வாயில்கள் திறக்கின்றன.

என் முடிபைக் கூறுவேன். காட்டுநிலத் தடை நீடிப்பதே தக்கது. துவிச்சக்கரவண்டி கொடியது என்பதனாலன்று. மனிதன் தன் வசதியைச் சுருக்கிக்கொள்ளும் இடமும் நாட்டில் வேண்டும் என்பதனாலாகும். ஆனால் நகரை அடுத்த பூங்காக்களில் அதே கண்டிப்பைக் காட்டுதல் நியாயமன்று. அங்கே நடப்போருக்கெனச் சில பாதைகள், ஓட்டுவோருக்கெனச் சில, நாள் முறை வைத்துப் பகிர்பவை சில என வகுத்தல் இயலும். அவ்வாறு வகுக்குமிடத்துக் கடினமான பாதையைச் செப்பனிட்டு வீதியாக்கிவிடுதலும் ஆகாது. கல்லையும் வேரையும் அகற்றினால் கலையும் போம், வேகமும் பெருகும்.

உரிமை கேட்போர்க்கு ஒரு கடமையும் உண்டு. மாரிக்குப் பின் மண்வெட்டியோடு மலையேறி, நீர் அரித்த இடத்தைக் கல்லடுக்கிச் சீராக்குவோர் அமெரிக்கச் சங்கங்களில் உள்ளனர். அவர் நடப்பவரா, குதிரையேறுபவரா, வண்டியோட்டுபவரா என்று பாதை கேட்பதில்லை. எவர்க்கு எவ்வளவு உரிமை என நியாயசபைகள் தீர்க்கட்டும். பாதையைப் பேணுவோரின் குரல் அச்சபையில் முதலிற் கேட்கப்படுதல் முறையாகும்.