ஐகான் 100னு சொல்லுது, அப்பாவுக்குக் கேக்கலையே!

அப்பாவோட பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டுக் கொடுத்தது அடியேன்தான். "வைரஸ் தொல்லை இருக்காதுப்பா"ன்னு பெருமை வேற. ஞாயித்துக்கிழமை தவறாம வீடியோ கால். நாலஞ்சு வாரமா அப்பா ஒரே பல்லவி: "நீ பேசறது கிணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்குடா."

"வால்யூமை ஏத்துங்கப்பா."

"நூறுல இருக்குடா."

"அப்ப நெட்டு பிரச்சனையா இருக்கும்." அதோட விட்டுடுவேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அம்மா தனியா கூப்பிட்டு சொன்னாங்க: "அப்பாவுக்குக் காது மந்தமாயிடுச்சுடா. டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கு. உன்கிட்ட சொல்ல வேணாம்னார்."

எனக்கு பக்குனு ஆயிடுச்சு. லேப்டாப்பைத் திறந்தேன். மூலையில ஸ்பீக்கர் ஐகான் 100 காட்டுது. பாவுகன்ட்ரோலைத் திறந்து பார்த்தா, பிரவுசருக்கு மட்டும் தனியா 18! எப்பவோ கை பட்டுக் குறைஞ்சிருக்கு. சிஸ்டமும் சமர்த்தா அதை ஞாபகம் வச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் அதே 18ல கொண்டுபோய் நிறுத்தியிருக்கு. ஏத்தி விட்டேன். அப்பா காது 'குணமாயிடுச்சு'.

நிற்க. சொல்ல வந்த விஷயம் இதுதான். லினக்ஸ்ல சத்தம், மொட்டைமாடி டேங்க் தண்ணி மாதிரி, பல வால்வைத் தாண்டித்தான் வருது. செயலிக்குள்ள ஒண்ணு, சவுண்டு சர்வர்ல செயலிவாரியா ஒண்ணு, ஸ்பீக்கருக்கு ஒண்ணு, அடியில கெர்னலோட ஆல்சா மிக்ஸர். ஃபெடோரா 8ல (2007) பல்ஸ்ஆடியோ வந்துச்சு, ஃபெடோரா 34ல (2021) அந்த இடத்துக்கு பைப்வயர் வந்துச்சு. வால்வு மட்டும் குறையலை.

வால்வு இருக்கறதைத் தப்புன்னு சொல்லலை. பாட்டைக் குறைச்சுட்டுப் பேச்சை மட்டும் ஏத்த முடியறதே அதனாலதான். ஆனா அந்த ஐகான் காட்டற 100 ஒரே ஒரு வால்வோட கணக்கு. பிரவுசர் 18ல இருக்கறது சர்வருக்கு நல்லாவே தெரியும். அதை ஐகான் பக்கத்துல ஒரு வரியில சொன்னா என்ன குறைஞ்சுடும்?

"செட்டிங்ஸ் உள்ள போனா இருக்கே, பாக்க வேண்டியதுதானே"ன்னு நம்ம ஆளுங்க சண்டைக்கு வருவாங்க. ஐயா, அப்பாவுக்கு சந்தேகம் சிஸ்டம் மேல வரலை, தன் காது மேல வந்துச்சு. சந்தேகமே வராத மனுஷன் செட்டிங்ஸை எதுக்குத் திறக்கப் போறார்?

அதுவரைக்கும் நாமதான் பாக்கணும். முதல்ல, சத்தம் ஸ்பீக்கருக்குப் போகுதா இல்ல எச்டிஎம்ஐ வழியா டிவிக்குப் போகுதான்னு பாருங்க. அடுத்து பாவுகன்ட்ரோல்ல பிளேபேக் பக்கம். செயலி சத்தம் போட்டுக்கிட்டு இருக்கும்போது பார்த்தாதான் அதோட பட்டை தெரியும். கடைசியா டெர்மினல்ல ஆல்சாமிக்ஸர். அதுல எஃப்6 அடிச்சு நிஜ சவுண்டு கார்டைத் தேர்ந்தெடுங்க. ஏதாவது பட்டைக்குக் கீழ 'எம்எம்'னு இருந்தா மியூட்னு அர்த்தம். எம் விசையைத் தட்டினா திறந்துடும்.

அதுக்கெல்லாம் முன்னாடி இன்னொண்ணு. வீட்ல யாராவது கேக்கலைன்னு சொன்னா, நெட்டு மேல பழியைப் போட்டுட்டு ஓடாதீங்க. நான் ஓடினேன். அஞ்சு வாரம் ஒரு மனுஷன் தனக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

பி.கு: டோக்கனை அப்பா கேன்சல் பண்ணலை. "காசு கட்டியாச்சுடா, பாத்துட்டே வந்துடறேன்"னுட்டார் :-)