இழப்பீடும் கழுவாயும்

சொல் வழுவின் பொருள் வழுவும். பொருள் வழுவின் நீதியும் வழுவும். இதற்கு நம் காலத்துச் சான்றொன்று உண்டு. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையில் நிறுவப்பெற்ற அலுவலகமொன்றின் ஆங்கிலப் பெயரில் 'ரெப்பரேஷன்ஸ்' என்னும் சொல் உளது. தமிழில் அது 'இழப்பீட்டுக்கான அலுவலகம்' எனப்படுகின்றது.

'ரெப்பரேஷன்' என்பது 'ரெபராரே' என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. மீண்டும் சீராக்குதல் என்பதே அதன் பொருள். 2005இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற கோட்பாடுகள் அதனை ஐந்தாக வகுத்தன: பறிபோனதை மீட்டளித்தல், இழப்பீடு வழங்கல், புனர்வாழ்வளித்தல், உண்மையை வெளிப்படுத்தி மன்னிப்புக் கோருவது போன்றவற்றால் மனநிறைவளித்தல், தவறு மீள நிகழாதென உறுதியளித்தல். ஐந்தனுள் ஒன்றன் பெயரை முழுமைக்கும் சூட்டியமை எவ்வாறு பொருந்தும்? சினையாகுபெயர் எனச் சிலர் அமைதி கூறலாம். ஆகுபெயரில் கேட்போன் முதலை அறிவான். ஈண்டோ முதலே மறக்கப்படுகின்றது.

குறை அம்மட்டன்று. இழப்பு வெள்ளத்தாலும் நேரும், புயலாலும் நேரும். 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர்தம் வீடுகளும் கடைகளும் தாமாக எரியவில்லை, எரிக்கப்பட்டன. 'இழப்பு' என்னும் சொல்லில் இழந்தவர் உளர், இழைத்தவர் இலர். 2004 யூலையில் அன்றைய சனாதிபதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க அவ்வன்செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். அச்செயலை 'இழப்பீடு' என எவரேனும் அழைப்பரோ? ஆயினும் ரெப்பரேஷன் என்பதனுள் அதுவும் அடங்கும்.

தமிழில் வேறு சொல் இல்லையெனல் பொருந்தாது. 'கழுவாய்' புறநானூற்றிலேயே பயின்ற சொல். தவறிழைத்தோன் அதனை உணர்ந்து செய்யவேண்டியதை அது சுட்டும். சமயச் சாயல் அதற்கு உண்டெனின், 'நீதி', 'அறம்' என்பவற்றுக்கும் அச்சாயல் உண்டு. அவற்றை நாம் விலக்கினோமில்லை.

ஆயின் இச்சொல்லை ஏற்போர் அதன் சுமையையும் ஏற்றல் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்க்கும் உரியது கழுவாயே. கொழும்பில் எரியுண்ட வீட்டுக்குக் கழுவாய் கேட்கும் நாம், யாழ்ப்பாணத்தில் வெறுமையாக்கப்பட்ட தெருவை 'இழப்பு' எனக் கூறி அமைவோமாயின், நாம் சாடும் மொழிபெயர்ப்பாளரினும் பெரும் பிழை செய்தோராவோம்.

கலைச்சொல்லாக்கம் அகராதிக்காரர் பணி மட்டுமன்று. தமிழ் பயிலும் நாமும் சட்டம் பயிலும் நண்பரும் ஒருங்கிருந்து இச்சொல்லைத் திருத்துவோமாக. உரிய பெயரால் கேட்கப்படாத நீதி, உரிய அளவில் வழங்கப்படுவதுமில்லை.